போன் இன்டர்வியூவும் எலிசபெத்தின் ஜெபமும்

போன ஜூன் மாதம் என் மருமகள் ஷீபாவுக்கு வேலை போனது. படிப்பு முடித்த நாளிலிருந்து ஒரே மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவள். ஒரு திங்கட்கிழமை காலை கூட்டம் ஒன்று என்று கணினி வழியாக அழைத்தார்கள். பல் தேய்க்கிற நேரம்கூட அந்தக் கூட்டம் நடக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் அவளுடைய அலுவலக மின்னஞ்சலே திறக்காமல் போய்விட்டது.

நான் அரசாங்கத்தில் காலம் தள்ளியவள். எங்களிடம் ஒரு கடைநிலை ஊழியரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் முதலில் குறிப்பாணை கொடுக்க வேண்டும், விளக்கம் பெற வேண்டும், விசாரணை அலுவலரை நியமிக்க வேண்டும், அவர் மாற்றலாகிப் போனால் இன்னொருவரை நியமிக்க வேண்டும். எல்லாம் முடிவதற்குள் சம்பந்தப்பட்டவர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றுவிடுவார். இவர்கள் ஒரு காலை வேளையில் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஷீபா அன்று அழவில்லை. அடுத்த வாரமும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நானும் அவளும்தான் அடையாறில் இந்த வீட்டில் இருக்கிறோம். என் மகன் ஜோயல் சரக்குக் கப்பலில் பொறியாளன். பாதி வருடம் கடலில் இருப்பான். என் கணவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. மாமியாரும் மருமகளும் தனியாக இருக்கும் வீடு என்றால் மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எங்களுக்குள் சண்டை வராததற்குக் காரணம் அன்பு மட்டுமல்ல; அவள் பேசமாட்டாள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும்.

வேலை போனபின் அந்தக் கொஞ்சப் பேச்சும் குறைந்தது. ஆலயப் பாடகர் குழுவில் பாடுவதை நிறுத்தினாள். சாயந்திரம் என்னோடு பெசன்ட் நகர் கடற்கரைக்கு நடக்க வருவதை நிறுத்தினாள். லிஃப்டில் யாராவது "என்ன ஷீபா, வொர்க் ஃப்ரம் ஹோமா?" என்று கேட்டால் "ஆமா ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, அடுத்த தளத்திலேயே வெளியே வந்து மாடிப்படியில் இறங்கத் தொடங்கினாள். அதன்பின் லிஃப்டையே விட்டுவிட்டாள்.

விண்ணப்பங்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. பெரும்பாலும் பதிலே வராது. எப்போதாவது ஒன்றுக்கு வரும். வந்தால் முதல் கட்டம் தொலைபேசியில் தொழில்நுட்ப நேர்காணல்.

நேர்காணல் என்றால் எனக்குத் தெரியும். என் பணிக்காலத்தில் பாதியைப் பணியமைப்புப் பிரிவில் கழித்தேன். அழைப்புக் கடிதம் எத்தனை நாள் முன்னால் போக வேண்டும், தேர்வுக் குழுவில் யார் யார் உட்கார வேண்டும், மணி அடித்ததும் விண்ணப்பதாரர் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதில் எதுவுமே இல்லை. மறுமுனையில் ஒரே ஒரு ஆள். முகம் தெரியாது. அவர் போனில் ஒரு கணக்கைச் சொல்வார். இவள் அதற்கான நிரலைக் கணினியில் ஒரு பொதுப் பக்கத்தில் எழுத வேண்டும். இவள் எழுத எழுத அங்கே அவருக்குத் தெரியும். கணக்கு தெரிந்தால் அடுத்த கட்டம். இல்லையென்றால், "தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி" என்று ஒரு கடிதம். வேண்டாம் என்பதை இவ்வளவு நன்றியோடு சொல்பவர்களை நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது சாப்பாட்டு மேசையில் மட்டும்தான். இரண்டு கையும் கணினியில் இருக்க வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்வாள். அதனால் படுக்கையறையில் கதவை ஒருக்களித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் கேட்கும். ஒட்டுக்கேட்பது என்று யாரும் சொல்லக்கூடாது. வீட்டின் அமைப்பு அப்படி.

எனக்குக் கேட்டது பெரும்பாலும் அமைதிதான். அந்த ஆள் கணக்கைச் சொல்வார். ஷீபா "சரி" என்பாள். பிறகு ஒன்றும் இருக்காது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர், "ஹலோ, லைனில் இருக்கிறீர்களா?" என்பார். "இருக்கிறேன்." மறுபடி குழாய். மறுபடி "ஹலோ?" ஒரு தடவை ஒருவர், தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் வளர்ந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம்தான். விடை முழுதாகத் தெரிந்தால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அரைகுறையாகத் தெரிந்தால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் அலுவலகமும் அப்படித்தான். முடிவு என்ன என்று தெரியாமல் யாரும் கோப்பில் எழுத ஆரம்பிக்க மாட்டார்கள். ஆகவே அவள் செய்தது எனக்குச் சரியாகவே பட்டது. கேட்பவர்களுக்குத்தான் பொறுமை இல்லை, இவளுக்கு நாற்பது தாண்டிவிட்டதால் வேண்டுமென்றே தட்டிக் கழிக்கிறார்கள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

நவம்பரில் நன்றிக் கடிதம் ஒன்று வந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அத்தை, இன்னும் ஒண்ணு இருக்கு. டி. நகர்ல ஒரு கம்பெனி. இதுவும் இல்லைன்னா விட்டுடலாம்னு இருக்கேன்."

"விட்டுட்டு?"

"நாகர்கோவில் போறேன். அண்ணன் ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர் வேணுமாம். அங்கேயே இருந்துடறேன். ஜோயல்கிட்ட சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"உனக்கு எது இஷ்டமோன்னாரு."

என் மகன் கடலில் புயலைச் சமாளிப்பான். வீட்டில் ஒரு கேள்வியைச் சமாளிக்க மாட்டான்.

ஆசிரியர் வேலை நல்ல வேலை. என் அம்மாவே ஆசிரியைதான். ஆனால் ஷீபா அதைச் சொன்ன விதம், ஒருத்தி விரும்பிப் போகிற வேலையைச் சொல்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் சேரப் போகிறவள் மாதிரி சொன்னாள். இருபது வயதில் வீட்டுக் கணினியைப் பிரித்துப் போட்டுத் திட்டு வாங்கிய பெண், தனக்கு மூளையே இல்லை என்று நம்பத் தொடங்கியிருந்தாள். அவள் போய்விட்டால் நான் இந்த வீட்டில் குழாய்ச் சத்தத்தோடு தனியாக இருப்பேன் என்பதும் எனக்குத் தோன்றியது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அன்று என் அறைக்குப் போய் முழங்கால் போட்டேன். மருத்துவர் என் முழங்காலுக்கு அதைத் தடை செய்திருக்கிறார், இருந்தாலும் போட்டேன்.

இங்கே எங்கள் ஜெபக் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டில் கூடுகிறோம். ஒரு பாட்டு, ஒரு வேதப் பகுதி, பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஜெபம். தங்கராஜ் ஐயா வங்கி மேலாளராக இருந்தவர். உலக நாடுகளில் ஒன்றையும் விடாமல் ஜெபிப்பார், நாங்கள் ஆப்பிரிக்கா முடியும்போது டீக்கு அடுப்பு பற்றவைப்போம். என்னுடைய ஜெபம் சுருக்கமானது. பொருள், பார்வை, கோரிக்கை, உட்பிரிவுகள், ஆமென். ஷீபாவின் முறை வந்தால் அவள் கண்ணை மூடிச் சற்று நேரம் இருப்பாள், பிறகு "ஆமென்" என்பாள். நடுவில் என்ன நடந்தது என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

அடுத்தது எலிசபெத்.

எலிசபெத் மந்தைவெளியில் பிரியாணி காண்ட்ராக்ட் எடுப்பவள். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவள் அண்டாதான். இரண்டு வேன் வைத்திருக்கிறாள். கை நிறைய வளையல். என்னை "ஆபீசரக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் ஜெபிக்கத் தொடங்கினால் கீழ்த்தளத்தில் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

அவளுடைய ஜெபத்தில் முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. எல்லாமே நடு. "ஆண்டவரே, ஞாயித்துக்கெயம நூறு பேருக்கு ஆர்டரு. கறி சொல்ட்டேன். மாஸ்டரு ஊருக்குப் பூட்டான். அவன் தம்பியப் போட்லாமா? போட்டா உப்ப கொட்டிருவான், போன தபா இன்னா பண்ணான்னு நீயே பாத்த. சரி, அத்த வுடு. பட்டாளம் ஏரியாவுல இருந்து ஆளக் கூட்டியாந்தா? வருவான், ஆனா தண்ணி போட்டுனு வருவான். அதுவும் வாணாம். நானே அடுப்பாண்ட நிக்கட்டுமா? கால் வலி கீது... பரவால்ல, ஸ்டூல் போட்டுக் குந்திக்கினு கிண்டறேன். ஆங், அதான் கரீட்டு. ஸ்தோத்ரம். ஆமென்."

அதாவது, கேள்வியும் அவளே, பதிலும் அவளே. ஆண்டவரை எதற்குக் கூப்பிட்டாள் என்று நான் பலமுறை வியந்திருக்கிறேன். முடிவெடுக்காத விஷயத்தை மேலிடத்துக்குக் கொண்டுபோவது நடைமுறைக்கே விரோதம் என்பது என் அபிப்பிராயம். ஒருநாள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"எலிசபெத், மெதுவாச் சொன்னாலும் அவருக்குக் கேக்கும்."

"அவருக்குக் கேக்கும்க்கா. எனக்குக் கேக்க வாணாமா?"

ஷீபா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அவள் சிரித்து அப்போதே மாதங்கள் ஆகியிருந்தன.

டி. நகர் நிறுவனத்தின் நேர்காணலுக்காக நான் வைத்த விண்ணப்பம் என் வழக்கப்படி தெளிவாக இருந்தது. கேள்வி எளிதாக வர வேண்டும். கேட்பவர் சாந்தமானவராக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீடு அமைதியாக இருக்க வேண்டும். கரண்ட் போகக்கூடாது. கடைசியாக, ஷீபா தேர்வாக வேண்டும். இப்படி ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் நினைவூட்டு அனுப்பினேன்.

டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை மத்தியானத்துக்கு நேரம் குறித்தார்கள். அன்று காலையில் அதையே சாயந்திரத்துக்கு மாற்றினார்கள். சாயந்திரம் என்றால் எங்கள் ஜெபக் கூட்ட நேரம். உடனே குழுவின் வாட்ஸாப்பில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். "இன்று மாலை நடைபெறவிருந்த ஜெபக்கூட்டம் தவிர்க்க இயலாத காரணத்தால் ஒத்திவைக்கப்படுகிறது. உறுப்பினர்கள் தத்தம் இல்லங்களிலிருந்தே ஷீபாவுக்காக ஜெபிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." தங்கராஜ் ஐயா கை கூப்பும் படம் போட்டார். நான் போனை வைத்துவிட்டேன். அனுப்பிய சுற்றறிக்கை எல்லோருக்கும் கிடைத்ததாகவே கொள்ளப்படும், அதுதான் விதி. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் இருந்தோம். யாராவது படித்தார்களா என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எலிசபெத் தட்டச்சு செய்த எதையும் படிக்க மாட்டாள். பேசி அனுப்பினால் மட்டும் கேட்பாள். இது எனக்குத் தெரியும். அன்று நினைவுக்கு வரவில்லை.

மற்ற ஏற்பாடுகளைக் குறைவில்லாமல் செய்தேன். அழைப்பு மணியின் சுவிட்சை அணைத்தேன். குக்கர் வைக்கவில்லை. குழாய்க்கு அடியில் துணி போட்டேன். கீழ்வீட்டில் போய், இன்று கொஞ்சம் டிவி சத்தத்தைக் குறையுங்கள் என்று கேட்டேன். "இன்னிக்கு உங்க பிரேயர் இல்லையா ஆன்ட்டி? அப்ப எங்களுக்கு வால்யூமே தேவையில்லை" என்றார்கள்.

ஷீபா மேசையில் உட்கார்ந்தாள். போன் வந்தது. நான் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அவர்கள் பேசியது ஆங்கிலத்தில். நான் தமிழில் எழுதுகிறேன். கேட்டவருக்கு ஜலதோஷம் போலிருந்தது. நல விசாரிப்பு எதுவும் இல்லை. "நேராகக் கணக்குக்குப் போகலாம், எனக்கு இதற்குப் பிறகு இன்னொரு அழைப்பு இருக்கிறது" என்றார். சாந்தமானவர் என்ற உட்பிரிவு அங்கேயே தள்ளுபடியானது.

கணக்கு இதுதான். ரயிலில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று. லட்சக்கணக்கான பேர். எவரும் எப்போது வேண்டுமானாலும் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். அதே நேரத்தில் எவரும் எப்போது வேண்டுமானாலும் "இப்போது என் இடம் என்ன?" என்று கேட்பார்கள். உடனே சொல்ல வேண்டும். கேட்கும்போதெல்லாம் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

நாகர்கோவில் ரயிலுக்குக் காத்திருப்போர் பட்டியலில் ஆயுளைக் கழித்தவள் நான். எளிய கேள்வி இல்லை என்பது எனக்கே புரிந்தது.

"சரி" என்றாள் ஷீபா.

பிறகு அமைதி. குழாயில் துணி போட்டிருந்ததால் அதுகூட இல்லை.

அந்த அமைதியில் மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். எலிசபெத் நின்றிருந்தாள். கையில் பெரிய தூக்கு. வாயைத் திறப்பதற்குள் விரலை உதட்டில் வைத்து, கையைப் பிடித்து இழுத்து, கூடத்தைக் கடந்து படுக்கையறைக்குள் தள்ளினேன். ஷீபா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, ஒருத்தரும் வர்ல? மெட்ரோக்காரன் ரோட்ட தோண்டிப் போட்டு, சுத்திக்கினு வர்றேன், நான்தான் லேட்டுன்னு பாத்தா..."

"ஷ்ஷ். ஷீபாவுக்கு இன்டர்வியூ நடக்குது. மெசேஜ் போட்டேனே."

"டைப் அடிச்சியா? அத்த யாரு படிக்கிறது."

"ஷீபா?" என்றது போன். "லைனில் இருக்கிறீர்களா?"

"இருக்கிறேன்."

அமைதி.

எலிசபெத் கதவிடுக்கில் காது வைத்தாள். "இன்னாக்கா, போன் கட்டாயிருச்சா?"

"இல்லை. ரயில் டிக்கெட் கணக்கு ஒண்ணு கேட்டிருக்கார், யோசிக்கிறா."

"நா கட்டாயிருச்சின்னுல்ல நெனச்சேன்."

"ஹலோ?" என்றது போன் மறுபடி. மூக்கை உறிஞ்சும் சத்தம். "கொஞ்சம் வேகமாகப் போகலாமா?"

நாகர்கோவில் கண் முன்னால் வந்தது. அவளுடைய துணிகள் மடித்து வைக்கப்பட்ட பெட்டி வந்தது. என் உட்பிரிவுகளை எல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தேன்; ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே" என்பதற்குமேல் வார்த்தை கிடைக்கவில்லை. மனுவே இல்லாமல் மேலிடத்தின் முன்னால் போய் நின்றது எனக்கு அதுதான் முதல் முறை.

எலிசபெத் என் முகத்தைப் பார்த்தாள். தூக்கைத் தரையில் வைத்தாள். கண்ணை மூடினாள். நான் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். அவள் கணக்கில் அது ரகசியக் குரல்.

"ஆண்டவரே, ஷீபா பொண்ணு அங்க குந்திக்கினு கீது. அந்தாளு இன்னாவோ ரயிலு டிக்கெட்டு கேக்கறான். எனக்கும் தெர்யாது, ஆபீசரக்காவுக்கும் தெர்யாது. அவன் மனசக் கொஞ்சம் எளக்கு. சரி, அத்த வுடு, அவன் எப்டியோ இர்ந்துட்டுப் போறான். கேள்விய மாத்தச் சொல்லலாம்னா கேட்டுட்டான், இனிமே இன்னாத்த மாத்தறது. அதுவும் வாணாம். நீ இந்தப் பொண்ணாண்ட போயி குந்து. அது சொல்றத நீ கேட்டுக்கினு இரு..."

நான் அவள் வாயைப் பொத்தினேன். தாமதமாகிவிட்டது.

"மன்னிக்கவும்" என்றது போன். குரல் மாறியிருந்தது. "உங்களோடு வேறு யாராவது இருக்கிறார்களா?"

தேர்வுக்கூடத்தில் வெளியாள் குரல் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த விண்ணப்பதாரரின் தேர்வு ரத்து. மேல்முறையீடு கிடையாது. அந்தக் குறிப்பை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். பொத்திய கையை எடுக்காமலே எலிசபெத்தையும் இழுத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஷீபா சொன்னாள்: "இருக்கிறார்கள். என் மாமியாரும் அவருடைய சிநேகிதியும். அடுத்த அறையில் எனக்காக ஜெபம் செய்கிறார்கள்."

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவர்களுக்கு நிரல் எழுதத் தெரியுமா?"

"தெரியாது. ஒருவர் பிரியாணி காண்ட்ராக்டர். இன்னொருவர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி."

"அரசு அதிகாரியா? அப்படியென்றால் ஆபத்தில்லை" என்றார் அந்த மனிதர். "தொடருங்கள்."

அவமானமாக எடுத்துக்கொள்ள அப்போது எனக்கு நேரமில்லை.

ஷீபா பெருமூச்சு விட்டது கேட்டது. பிறகு பேசத் தொடங்கினாள். விடையைச் சொல்லவில்லை. விடை அவளுக்கு இன்னும் தெரியாது என்பது குரலிலேயே தெரிந்தது.

"முதலில் எனக்குத் தோன்றுவது, எல்லோரையும் ஒரே வரிசையில் வைப்பது. ஆனால் நடுவில் ஒருவர் ரத்து செய்தால் பின்னால் இருப்பவர்களை எல்லாம் ஒரு படி நகர்த்த வேண்டும். லட்சம் பேர் இருந்தால் நடக்காது. சரி, அதை விட்டுவிடுகிறேன். நகர்த்தாமல், ரத்து என்று அடையாளம் மட்டும் வைத்தால்? அப்போது ரத்து சுலபம். ஆனால் இடம் கேட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். அதுவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஏதோ வேண்டும்..."

எலிசபெத் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் புரியாது. ஆனால் அந்த ராகம் புரிந்தது. நான் என் கையை அவள் வாயிலிருந்து எடுத்தேன்.

"ரயிலில் பெட்டி இருப்பது மாதிரி வரிசையைப் பிரித்துக்கொண்டால்? ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பேர் மிச்சம் என்பதை மட்டும் எழுதி வைக்கலாம். ஒருவர் ரத்து செய்தால் அந்தப் பெட்டியின் எண்ணிக்கையில் ஒன்று குறையும். யாராவது இடம் கேட்டால், முன்னால் உள்ள பெட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு அவருடைய பெட்டிக்குள் மட்டும் எண்ணினால் போதும். ஆமாம். இது சரியாக வரும் போலிருக்கிறது."

"போலிருக்கிறதா?" என்றார் அவர். ஆனால் குரலில் அவசரம் போயிருந்தது. "எழுதுங்கள், பார்க்கலாம்."

எழுதினாள். எழுதிக்கொண்டே பேசினாள். ஓரிடத்தில் அவர், "ஒரு பெட்டியே முழுதாகக் காலியாகிவிட்டால்?" என்று கேட்டார். "அங்கே நான் தப்பு செய்திருக்கிறேன், திருத்துகிறேன்" என்றாள். முன்பெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்வதைவிடப் போனை வைத்துவிடுவாள். பெட்டிகளையே பெரிய பெட்டிகளுக்குள் வைக்கலாமா என்று அவர் கேட்க, இவள் வைக்கலாம் என்று சொல்ல, எனக்குப் புரியாத இடத்துக்கு இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஒருமுறை சிரிப்பு கேட்டது. அவருடைய இன்னொரு அழைப்பு என்ன ஆனதோ தெரியாது.

முடிந்ததும் ஷீபா எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். எலிசபெத் எழுந்தாள்.

"கண்ணு, நா பேசினதுல கெட்டுப்பூட்சா? ஆபீசரக்கா என்ன மூச்சுவுட வுடாம அமுக்கிருச்சு."

"இல்ல ஆன்ட்டி" என்றாள் ஷீபா. கட்டிலில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ஒண்ணுமே ஓடல. நீங்க சொன்னது கேட்டுச்சு. கேட்டுக்கிட்டு இருன்னு சொன்னீங்கல்ல. சரி, யாரோ பக்கத்துல கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு பேச ஆரம்பிச்சேன். அவ்ளோதான்."

அப்போதுதான் அழுதாள். ஜூன் மாதத்திலிருந்து பாக்கி இருந்த அழுகை. எலிசபெத் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "தட்ட எடுக்கா, ஆறிடப்போவுது" என்று எனக்கு உத்தரவு போட்டாள். நான் எடுத்தேன். மூன்று பேரும் அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே, கணினியைத் தள்ளி வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டோம். ஷீபா இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

அதன்பின் இன்னும் சில கட்டங்கள் இருந்தன. எல்லாவற்றையும் கடந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்து, புத்தாண்டு ஆராதனை முடிந்து, பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் பணி நியமனக் கடிதம் வந்தது. கப்பலிலிருந்து ஜோயல் கூப்பிட்டான். "எனக்கு அப்பவே தெரியும்" என்றான். அவனை நான்தான் வளர்த்தேன், ஒன்றும் சொல்வதற்கில்லை.

முதல் கட்டத்தில் கேட்ட ஜலதோஷக்காரர்தான் இப்போது அவளுடைய குழுவின் தலைவர். அன்றைய நேர்காணலைப் பற்றி அவர் எழுதிய குறிப்பைப் பின்னாளில் அவளிடம் சொன்னாராம். விடையைவிட, அதற்கு அவள் போன வழிதான் தனக்குப் பிடித்தது என்று. ஷீபா அதை வீட்டில் வந்து சொன்னபோது, "ஸ்டெப் மார்க் அத்தை" என்றாள். நம் ஊரில் கணக்குப் பரீட்சை எழுதிய எவருக்கும் அதற்கு விளக்கம் தேவையில்லை. அவள் வீட்டில் தமாஷ் பேசுவதே எனக்குப் புதிது.

இதைத் தற்செயல் என்று சொல்பவர்கள் இருக்கலாம். நானும் படித்தவள்தான், அந்த வாதம் எனக்கும் தெரியும். நான் கேட்டது எளிய கேள்வி, வந்தது கடினம். நான் கேட்டது சாந்தமான மனிதர், வந்தது ஜலதோஷக்காரர். நான் கேட்டது அமைதி, வந்தது எலிசபெத். கரண்ட் மட்டும் போகவில்லை. என் விண்ணப்பத்தின் உட்பிரிவுகள் ஏறக்குறைய முழுவதையும் தள்ளிவிட்டு, கோரிக்கையை மட்டும் அனுமதித்த ஒரு மேலிடத்தை நான் என் பணிக்காலத்தில் கண்டதில்லை. மணியை அணைத்தேன், குழாயை அடைத்தேன், கீழ்வீட்டு வாயை அடைத்தேன். அவளைக் கொன்றுகொண்டிருந்ததே அந்த அமைதிதான் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அதை உடைக்க மந்தைவெளியிலிருந்து, தோண்டிப் போட்ட சாலையெல்லாம் சுற்றி, சரியான நேரத்துக்கு ஆள் அனுப்பினார்.

ஷீபா இப்போது காலையில் டி. நகருக்குப் பேருந்தில் போகிறாள். லிஃப்டில் இறங்கித்தான் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி பாடகர் குழுவில் நிற்கிறாள். வியாழக்கிழமை அவள் முறை வந்தால் வாய் திறந்து ஜெபிக்கிறாள். போன வாரம் தங்கராஜ் ஐயாவே கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்தார். அவர் அன்று ஐரோப்பாவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். உட்பிரிவு போடாமல் ஜெபிக்கப் பழகுகிறேன். இந்த வயதில் எளிதாக இல்லை. "ஆண்டவரே, முழங்கால் வலிக்கிறது, ஆபரேஷன் செய்யலாமா, செய்தால் யார் பார்த்துக்கொள்வது, ஷீபாவைக் கேட்கலாமா, கேட்டால் லீவு போடுவாள், சரி அதை விடுங்கள்" என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரிவதில்லை. முடியாமல் எழுந்துவிடுகிற நாளும் உண்டு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. அதற்காக அவருக்கு என் நன்றியை இந்தச் சபையின் முன்னால் சொல்கிறேன்.

உங்களில் யாருக்காவது வேலை இல்லாமல் இருக்கலாம், சரீர சுகம் இல்லாமல் இருக்கலாம், வீட்டில் யாரோ ஒருவர் பேசுவதை நிறுத்தியிருக்கலாம். என்ன கேட்பது என்று தெரிந்தபிறகு ஜெபிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வியாழக்கிழமை சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். கதவு திறந்தே இருக்கும். கோணலாக ஆரம்பியுங்கள், பாதியில் மாற்றிக்கொள்ளுங்கள், எலிசபெத்தைவிடச் சத்தமாக முடிந்தால் முயன்று பாருங்கள். கூட்டம் இல்லாத வாரத்தில் முன்கூட்டியே தெரிவிப்பேன். இப்போதெல்லாம் நானே பேசித்தான் அனுப்புகிறேன்.